வனஜா பெரியம்மா திரும்பும்போது டாப்பை ஏற்றிவிடுவார்

செய்தி வந்தபோது நான் திருப்பதியில், கல்லூரி விடுதியின் சாப்பாட்டு அறையில், பொங்கலில் மிளகு பொறுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா போனில் ஒரே வரிதான் சொன்னாள். "வனஜாக்கா போய்ட்டாடி. கெளம்பி வா." நேராக வார்டன் மேடத்திடம் போய், எங்கள் பெரியம்மா இறந்துவிட்டார், லீவு வேண்டும் என்று கேட்டேன். மேடம் தலையைத் தூக்காமலே கேட்டார்: "எந்தப் பெரியம்மா? ஆவணியில செத்தாங்களே, அவங்களா? தீபாவளி முடிஞ்சதும் செத்தாங்களே, அவங்களா?"

இரண்டும் ஒரே பெரியம்மாதான். அந்த இரண்டு முறையும் மேடம் விசாரிக்கப் போன் போட்டபோது எடுத்துப் பேசியவரும் அவர்தான். என் அம்மாவைப் போல மூக்கை உறிஞ்சி, "ஆமா மேடம், எங்கக்கா போய்ட்டா, பொண்ண அனுப்பி வெய்ங்க" என்று தன் சாவைத் தானே உறுதிசெய்தார். எனக்குக் கல்யாணச் சாப்பாடு வேண்டியிருந்தது. அவருக்குத் தான் ஓட்டும் கல்யாணக் காரின் முன்சீட்டில் பேச்சுத்துணை வேண்டியிருந்தது. இப்போது உண்மையாகவே போனபின் அதை எடுத்துச் சொல்ல அவர் இல்லை. இந்த முறை விசாரிக்க நான் எந்த நம்பரும் நீட்டவில்லை. அதைப் பார்த்ததும் மேடத்துக்குப் புரிந்துவிட்டது. "போயிட்டு வாம்மா" என்றார்.

எங்கள் வீட்டில் எல்லோரும் தெலுங்கு மீடியம். சத்தியவேட்டில் தமிழ்ப் பள்ளியில் படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் இதை எழுதும் வேலை எனக்கு வந்தது. பெரியம்மாவை அறிந்த உங்களுக்காக எழுதுகிறேன்: பேண்டு செட் அண்ணன்களுக்கு, மண்டபக்காரர்களுக்கு, பூ அலங்காரக்காரர்களுக்கு, சித்தூர்ப் பக்கத்தில் அந்த வெள்ளை ஓப்பன் காரில் ஏறி மாப்பிள்ளை அழைப்புப் போன எல்லா மாப்பிள்ளைகளுக்கும்.

அந்தக் காரை வாங்கியவர் தாமோதரம் பெரியப்பா. எந்தத் தேசத்தில் எந்தத் துரை ஓட்டியதோ தெரியாது; சித்தூருக்கு வந்து சேர்ந்தபோது அது கல்யாண வண்டியாகிவிட்டது. தலைக்குமேல் கறுப்புத் துணி டாப். அதைப் பின்னால் மடித்துவிட்டால் மாப்பிள்ளை ஊருக்கே தெரிவார், ஊரே மாப்பிள்ளைக்குத் தெரியும். பெரியப்பா ஓட்டுவார், பெரியம்மா வீட்டிலிருந்து போனில் புக்கிங் எடுப்பார். நான்கு வருடத்துக்கு முன் பெரியப்பா போனபோது எல்லோரும் காரை விற்கச் சொன்னார்கள். பெரியம்மா டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார்.

புருஷனை இழந்தவள் மாப்பிள்ளை காரை ஓட்டுவதா என்று யாரும் முகத்துக்கு நேரே கேட்கவில்லை. ஆனால் இரண்டு மூன்று இடத்தில் கடைசி நேரத்தில், "எங்க பையனே ஓட்டிக்குவான், சாவி மட்டும் குடுங்க" என்றார்கள். பெரியம்மா சாவியைக் கொடுக்கவில்லை. வெள்ளைச் சட்டை தைத்துப் புடவைமேல் போட்டுக்கொண்டார். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் வாங்கினார். முழு வேஷத்தில் முதல் நாள் கிளம்பியபோது, "யாரைப் புடிக்கப் போறீங்க இன்ஸ்பெக்டர்?" என்று கேட்டேன்.

"டிரைவருக்கு முதுகுதான்டி மொகம்" என்றார். "முன்னாடி பாத்துக்கினு ஓட்டுற வரைக்கும் யாரும் நெத்தியத் தேடமாட்டாங்க."

அப்படியும் அவர் கத்திமேல்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு கல்யாணத்தில் ஒரு தட்டுத் தவறி விழுந்தாலும், "அந்தம்மா வண்டியாலதான்" என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும். கார் ஷெட்டோடு நின்றுவிடும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் கல்யாண வண்டியில் மட்டும் நான் என் குறும்புக் கைவரிசையைக் காட்டியதில்லை.

டாப் கிழிந்தது போன வருடம் ஐப்பசியில். திருப்பதி மலையடிவாரத்தில், அலிபிரி பக்கம் மரத்தடியில் காரை நிறுத்தி, டாப்பை ஏற்றி மூடிவிட்டு, நாங்கள் டீ குடிக்கப் போனோம். உள்ளே தாம்பூலத்தட்டு வாழைப்பழம். திருப்பதிக் குரங்குக்குப் பழம் எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். நாங்கள் திரும்பி வந்தபோது டாப்பின் பின்பக்கம், பின்கண்ணாடிக்கு மேலே, தோசையைப் பிய்த்த மாதிரி பிய்ந்து தொங்கியது. ஒரு குரங்கு பின்சீட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது. மாப்பிள்ளை தோற்றார்.

பெரியம்மா கொஞ்ச நேரம் கிழிசலையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உங்க சொந்தக்காரங்க வேலையப் பாருடி, வாலு."

மறுநாள் சித்தூரில் சீட் கவர் கடை பாஷா பாயிடம் போனோம். பாய் காரைச் சுற்றி வந்து, உதட்டைப் பிதுக்கினார். ஒட்டுப் போட்டால் நிற்காது. மடிக்கும் இடத்தில்தான் கிழிந்திருக்கிறது, இரண்டு தடவை மடித்தால் திரும்பவும் வாய் திறந்துவிடும். மொத்தத் துணியையும் மாற்ற வேண்டும். துணி மெட்ராஸிலிருந்து வர வேண்டும்.

"எப்ப வரும் பாய்?"

"வரும்மா. கார்த்திகைக்கு அப்புறம் வரும்."

"கார்த்திகையிலதான் முகூர்த்தமே!"

"எப்படியும் மடிச்சித்தானே வெக்கிறோம்? டாப்பே இல்லாம ஓட்டு பெரிம்மா" என்றேன் நான்.

"மழ வந்தா? மாப்ளைய பக்கெட்டுல புடிச்சிக்கினு போவியா?"

அவர் சொன்னதும் நியாயம்தான். எங்கள் பக்கம் மழைக்காலமும் கல்யாணக் காலமும் சேர்ந்தே வரும். கார்காலத்தில்தான் காருக்கு வேலை. பழைய துணியையே பாய் உள்ளே ஏதாவது கெட்டியாகக் கொடுத்துத் தைத்துத் தருவது, மெட்ராஸ் துணி வந்ததும் மாற்றிக்கொள்வது என்று முடிவானது. நான் விடுதிக்குத் திரும்பினேன். தையல் நடந்தபோது நான் அங்கே இல்லை.

அடுத்து நான் அந்தக் காரைப் பார்த்தது கார்த்திகையில், திருப்பதியில். சத்தியவேட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக் கல்யாணம். சாயங்காலம் கோவிலிலிருந்து மண்டபத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு. டாப் மடித்து, பூச்சரம் சுற்றி, பின்சீட்டில் பட்டு வேட்டி மாப்பிள்ளை, பக்கத்தில் இரண்டு வாண்டுகள். முன்சீட்டில் நான். பாதி தூரம் போவதற்குள் தூறல் விழுந்தது.

"டாப்ப ஏத்துங்கம்மா!" என்றார் மாப்பிள்ளையின் மாமா.

"தூறல்தாங்க. விட்டுடும்" என்றார் பெரியம்மா.

தூறல் மழையானது. கார்த்திகையில் கார் திகைத்து நின்றது. ஆனாலும் பெரியம்மா சுவிட்சுப் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. மழையென்றால் முதலில் மாப்பிள்ளையை மூடு என்று எனக்குச் சொன்னவர் அவர். "பெரிம்மா, ஏத்து" என்றேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வாண்டுகளில் ஒன்று அழ ஆரம்பித்தது. அப்போதுதான் அவர் பெருமூச்சு விட்டு டாப்பை ஏற்றினார்.

முதலில் நின்றது டிரம்பெட். பேண்டு செட்டு அண்ணன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் காரைப் பார்த்துத் திரும்பி நின்று ஊதுவார். அன்று ஊதிக்கொண்டே திரும்பியவர், பாதிப் பாட்டில், கோழியை மிதித்த மாதிரி ஒரு சத்தத்தோடு நிறுத்திவிட்டார். எல்லோரும் முன்கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார்கள். நானும் திரும்பினேன். மாப்பிள்ளையின் தலைக்குப் பின்னால், டாப்பின் உள்பக்கத்தில், மாலை போட்ட தாமோதரம் பெரியப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

யாராவது செத்தால் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கட்டுவோம். காரியம் முடிந்ததும் அது மாட்டுக் கொட்டகைக்கோ வைக்கோல் போருக்கோ போய்விடும். மழை இறங்காத சாமான் அது. பெரியப்பாவின் ஃப்ளெக்ஸை மட்டும் பெரியம்மா எதற்கும் கொடுக்கவில்லை. பழைய புடவையில் சுற்றிப் பரண்மேல் வைத்திருந்தார். அதைத்தான் வெட்டி உள்ளே வைத்துத் தைத்திருக்கிறார்கள். அச்சடித்த பக்கம் துணிக்குள் மறைந்திருக்க வேண்டும். அது காருக்குள் தெரியும்படி இருந்தது.

மாப்பிள்ளைக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. "இன்னாச்சு? ஏன் எல்லாரும் என்னையே பாக்குறீங்க?"

மாப்பிள்ளையின் அத்தை குடையோடு ஓடிவந்தார். "அடப் பாவமே! புள்ள தலைக்குப் பின்னாடி மால போட்ட படம்டா!"

"எறங்கச் சொல்லு, மொதல்ல எறங்கச் சொல்லு!" என்றார் மாமா.

"எறங்கறதா? ஏறி உக்காந்தவன் மண்டபத்துக்கு முன்னாடி கால கீழ வெக்கக்கூடாது. உங்களுக்குத் தெரியாதா?" என்றார் அத்தை.

"அப்ப செத்தவரு படத்துக்குக் கீழ போறது மட்டும் நல்லதா?"

"நான் இன்னாதான் பண்ணட்டும்?" என்றார் மாப்பிள்ளை. "ஒரு கால உள்ள, ஒரு கால வெளிய வெச்சிக்கவா?"

யாரும் சிரிக்கவில்லை. பெரியம்மா தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றி சீட்டில் வைத்துவிட்டு மழையில் இறங்கினார். நெற்றி தெரிந்தது. "என் வீட்டுக்காரருங்க. முன்ன இந்த வண்டிய ஓட்டுனவரு" என்றார். "தச்சவரு பொரட்டித் தச்சிட்டாரு. தப்புதான். வேற வண்டி வர்ற வரைக்கும் இருக்கேன். வாடகை வேணாம்."

அத்தை காருக்குள் தலையை நீட்டினார். குனிந்து படத்தையே பார்த்தார். பிறகு படத்தின் மூலையில் விரலை நீட்டினார். ஃப்ளெக்ஸின் அடியில் துக்கம் தெரிவிக்கும் உறவினர்களின் சின்னப் படங்கள் இருக்குமே, அதில் ஒன்று தையலில் தப்பி ஒட்டிக்கொண்டிருந்தது. "இங்க பல்லுல கம்பி போட்டுக்கினு இளிக்குதே, இது யாரு? இதுவும் செத்துடுச்சா?"

"நான்தாங்க" என்றேன். "இன்னும் இல்லீங்க."

டிரம்பெட் அண்ணன்தான் முதலில் சிரித்தார். பிறகு மாப்பிள்ளை. அத்தை சிரிக்கவில்லை, ஆனால் அவர் குரல் இறங்கியிருந்தது.

"எப்ப போனாரு?" என்று பெரியம்மாவிடம் கேட்டார்.

"மூணு வருசம் ஆவுது."

"புள்ளைங்க?"

"இல்லீங்க."

"பூவாடைக்குப் படையல் போட்டு அவரக் கூப்ட்டியா?"

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முன்னால் வீட்டில் செத்துப்போனவர்களுக்குப் புதுத்துணி வைத்து, பூ வைத்து, படையல் போட்டு அழைப்போம். அதுதான் பூவாடை. அவர்கள் வந்த பிறகுதான் மற்றவர்கள் வர வேண்டும்.

"எங்க வீட்ல கல்யாணமே இல்லியே" என்றார் பெரியம்மா. "எதுக்குன்னு கூப்பிடுவேன்?"

 அத்தை தட்டிலிருந்த சந்தனத்தை எடுத்தார். மாப்பிள்ளையின் தோளுக்குமேல் எட்டி, பெரியப்பாவின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். பிறகு மாமாவைப் பார்த்துத் திரும்பினார். "நேத்து நம்ம வீட்ல செத்தவங்களயெல்லாம் கூப்ட்டுத்தானே வந்தோம்? எங்க மாமியாரு, உங்க தம்பி, எல்லாரும் இந்த ஊர்கோலத்துலதான் வந்துக்கினு கீறாங்க. அவங்களோட இவரும் ஒருத்தரா வரட்டும். இத்தன மாப்ளைய ஏத்திக்கினு போனவருக்கு நம்ம வீட்ல ஒரு எல போடமாட்டமா? ஏய் பேண்டு, இன்னா வேடிக்க? அடி!"

அன்று முதல் பந்தியில் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் ஓர் இலை கூடுதலாகப் போட்டார்கள். அதிலிருந்த லட்டை நான் எடுக்கப் போனேன். பெரியம்மா என் கைமேல் ஓர் அடி போட்டார். "பெரியப்பாவுக்கு சுகரு பெரிம்மா, அவருக்கு எதுக்கு?" என்றேன். "இப்ப துன்னா ஒண்ணும் ஆவாது" என்றார்.

அதற்குப் பிறகு சத்தியவேட்டுப் பக்கத்திலிருந்து புக்கிங் கூடியதே தவிரக் குறையவில்லை. டாப் என்னவாயிற்று என்று கேட்டபோதெல்லாம், பாஷா பாய் புரட்டித் தைத்துவிட்டதாகவே பெரியம்மா எல்லோரிடமும் சொன்னார். கடை வாசலில் நின்றும் சொன்னார். பாய் தலையைச் சொறிந்துகொள்வார். மெட்ராஸ் துணி வந்துவிட்டது என்று பாய் போன் செய்தால், "இந்த முகூர்த்தம் போவட்டும்" என்பார். முகூர்த்தம் போகும். அடுத்தது வரும்.

இன்னொன்றும் கவனித்தேன். முன்பெல்லாம் கல்யாணம் முடிந்து திருப்பதியிலிருந்து திரும்பும்போது டாப்பை மடித்தே ஓட்டுவார். புத்தலப்பட்டு வரை காற்று முகத்தில் அடிக்க, நான் நின்றுகொண்டு, எதிரே வரும் பஸ்ஸுக்கெல்லாம் மந்திரி மாதிரி கும்பிடு போட்டுக்கொண்டு வருவேன். தைத்த பிறகு அது போயிற்று. மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் முதல் வேலையாக டாப்பை ஏற்றிவிடுவார்.

"மழையும் இல்ல, வெயிலும் இல்ல. ஓப்பன் காரை மூடிக்கினு போறது இட்லிய ஒறயோட துன்னுறா மாதிரி" என்று சண்டை போட்டேன்.

"காத்து காதுல பூந்துக்குதுடி. எனக்கும் வயசாவுதில்ல?"

இருபது வயசுப் பையனைப் போல ஓட்டுகிறவர் சொல்லும் காரணமா அது? அந்தக் கோபத்தில் ஒரு நாள், கல்யாண வண்டியில் விளையாடுவதில்லை என்ற விரதத்தை முறித்துக்கொண்டேன். அவர் தனியாகச் சித்தூர் கிளம்புவதற்கு முன், காரின் பின்னால் 'புதுமணத் தம்பதி' என்று பெரிய தங்க எழுத்து ஸ்டிக்கரை ஒட்டிவிட்டேன். வழியெல்லாம் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்து வாழ்த்தியிருக்கிறார்கள். ஒரு டீக்கடையில் காசு வாங்க மறுத்து, மாப்பிள்ளை எங்கே என்று எட்டிப் பார்த்திருக்கிறார்கள். சாயங்காலம் போன் வந்தது. திட்டு விழும் என்று காதைத் தள்ளிவைத்தேன்.

"ஏய் வாலு, ஒரு எழுத்து கோணலா கீது. அடுத்த தபா வந்து நேரா ஒட்டு."

நேராக ஒட்டினேன். அவர் அதைக் கடைசிவரை பிய்க்கவில்லை.

போன மாதம் ஒரு நாள் காலையில் காரைக் கழுவிவிட்டு, துடைத்த துணியைக் காயப்போட்டுவிட்டு, சித்தூர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஃப்ளெக்ஸுக்குப் படம் தேடினார்கள். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாத படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதையே போட்டார்கள். தெருமுனையில் பைக்கில் வந்தவர்கள் அதைப் பார்த்து வேகத்தைக் குறைத்துக்கொண்டு போனார்கள்.

காரியத்தன்று பாஷா பாய் வந்தார். நான் ஷெட்டில் இருந்தேன். காரின்மேல் கையை வைத்தார்.

"நான் பொரட்டித் தைக்கலம்மா" என்றார். "படம் உள்ள மறையறா மாதிரிதான் வெச்சேன். அம்மா பக்கத்துலயே நின்னாங்க. திருப்பு பாய்ன்னாங்க. கல்யாண வண்டிம்மா, வேணாம்னேன். மடிச்சி வெச்சா யாருக்குத் தெரியப்போவுது, வூட்டுக்குத் திரும்பும்போது நான் மட்டுந்தானே இருப்பேன்னாங்க. ஓட்டும்போது பின்னாடி பாக்குற கண்ணாடியில நேராத் தெரியணும்னு, அவங்களே உள்ள உக்காந்து, இன்னும் கொஞ்சம் எறக்கு, இன்னும் கொஞ்சம்னு சொன்னாங்க. யார் கேட்டாலும் உன் தப்புன்னு சொல்லுவேன், கோச்சிக்காதேன்னாங்க. நான் எதுக்கும்மா கோச்சிக்கப் போறேன்?"

பாய் போன பிறகு நான் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். டாப் ஏற்றியே இருந்தது. தலைக்குமேலே இருந்த பின்பார்வைக் கண்ணாடியில் என் கழுத்துதான் தெரிந்தது. பெரியம்மா குள்ளம், நான் பனைமரம். அவர் உயரத்துக்கு வைத்த கண்ணாடி அது. திருப்பக் கையைக் கொண்டுபோனேன்.

மெட்ராஸ் துணியை டாப்பின் வெளிப்பக்கம் போடச் சொல்லிவிட்டோம். உள்ளே இருப்பதில் கை வைக்க வேண்டாம் என்று பாயிடம் சொன்னது நான். எனக்குப் பதினெட்டு முடியும் வரை சின்ன மாமா ஓட்டுவார். தொப்பியை அவர் எடுத்துக்கொண்டார். கறுப்புக் கண்ணாடியை அம்மா எடுத்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் அடுத்த கல்யாணம் யாருக்கோ தெரியாது. பூவாடைக்கு இரண்டு இலை போட வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. அதோடு, திரும்பும் வழியில் டாப்பை ஏற்றிக்கொள்ளும் வழக்கத்தையும் நான் எடுத்துக்கொண்டேன்.

அன்று ஷெட்டில், காரின் கண்ணாடியை நான் திருப்பவில்லை. சீட்டில் சரிந்து, அவர் உயரத்துக்கு இறங்கி உட்கார்ந்தேன். நெற்றியில் காய்ந்துபோன சந்தனத்தோடு பெரியப்பா நேராகத் தெரிந்தார்.